கடலில்லாத ஊருக்குக் கடல்மீன் வந்த வழி

கடல்மீனை வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் கடற்கரையோரம் தொடங்கி மெல்ல உள்நாட்டுக்கு நகர்ந்தது. நகர்ந்து வர ஏறக்குறைய நூறு ஆண்டு பிடித்தது. தங்கமீனுக்கும் கப்பிக்கும் இரண்டு குடம் கிணற்றுத் தண்ணீர் போதும். கடல்மீனுக்குக் கடலே வேண்டும் என்பதுதான் வெகுகாலம் நிலைமை. கரையே இல்லாத பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஒரு கோமாளி மீன் பிழைத்திருக்க வேண்டுமானால், கடலுப்பைப் பொட்டலத்தில் அடைக்கத் தெரிந்திருக்க வேண்டும். தொட்டியில் சேரும் கழிவை எது தின்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். அந்த மீனைக் கடலுக்கு வெளியே குஞ்சு பொரிக்க வைத்திருக்கவும் வேண்டும். மூன்றில் கடைசியாகக் கைகூடியது குஞ்சு பொரிப்பு. அதற்கு இடைஞ்சலாக நின்றதும் பின்னர் வழிவிட்டதும் மீனின் ஒரே குணம்: தான் பிடித்த இடத்துக்குள் இன்னொரு மீனை அண்டவிடாத குணம்.

இந்த இரு மாவட்டங்களுக்கும் கடல் புதிதல்ல. கிரிட்டேசியஸ் காலத்தில், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி, இன்றைய பெரம்பலூர், அரியலூர், லால்குடிப் பகுதிகளின் மேல் கடல் ஏறியும் இறங்கியும் கிடந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரை ஊரை ஒட்டி மழைநீர் அரித்துப் போட்ட பள்ளங்களில், அழிந்துபோன கடலுயிர்களான பெலம்னைட்டுகளும் அம்மோனைட்டுகளின் சுருள் ஓடுகளும் கிடைக்கின்றன. தேய்ந்த சுறாப் பற்களும் அகப்படுகின்றன. சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் 18 மீட்டருக்கு மேல் நீளம். கடற்படிவத்தில் புதைந்து கல்லாகிப்போன அதை 1940-இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டார். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் அடை அடையாக அமுங்கிக் கிடக்கும். சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுப்பது அந்தப் பழைய கடலின் தரையைத்தான்.

இந்த வட்டாரத்துப் புதைபடிவங்களை உலகம் அறிந்த காலமும், மீன்தொட்டி பிறந்த காலமும் ஒட்டி ஒட்டியே வருகின்றன. சென்னை மாகாணத்தில் அலுவல் பார்த்த கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1840-களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லோடுகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846-இல் அவற்றை விவரித்து எழுதிய எட்வர்ட் ஃபோர்ப்ஸ், கல்லைவிட உயிருள்ள கடலையே அதிகம் அறிந்தவர். கடலடியில் வலை இழுத்து உயிரினங்களைச் சேகரித்து ஆராய்ந்தவர்களில் முன்னோடி. பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இப்பகுதியை நடந்து அளந்து, பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பிரித்தார். அவரது அறிக்கை 1862-இல் வெளிவந்தது. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அந்தக் கடலின் உயிரினங்களைப் பல தொகுதிகளில் பட்டியலிட்டு முடித்தபோது 1873 ஆகிவிட்டது.

இந்த இடைவெளியில்தான் இங்கிலாந்தில் கடல் கண்ணாடிக்குள் நுழைந்தது. நீர்த்தாவரமும் உயிரினமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, தண்ணீரை மாற்றாமலே ஒரு தொட்டியில் வாழ முடியும் என்று ராபர்ட் வாரிங்டன் 1850-இல் காட்டினார். லண்டன் ரீஜண்ட் பூங்கா விலங்குக் காட்சிச்சாலையில் 1853-இல் மீன்களுக்கென்று ஒரு கண்ணாடி மாளிகை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைகளில் தொட்டி வைக்கும் மோகத்தைக் கிளப்பிவிட்டது. அவர்கள் வைத்தது குளிர்கடல் உயிரினங்களை. அதுவும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் நாற்றமெடுத்துக் கொட்டப்பட்டது. வெப்பக்கடலின் பவளப்பாறை மீன் அந்தத் தொட்டிகளில் இல்லை.

தமிழ்நாட்டில் முதல் கடல்மீன் காட்சிச்சாலை சென்னை மெரினாவில் 1909-இல் திறக்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்தவர் எட்கர் தர்ஸ்டன், அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளால் இன்று அறியப்படும் அதே தர்ஸ்டன்தான். அத்தொகுதிகளும் 1909-இல்தான் வந்தன. அதற்கு இருபது ஆண்டு முன்பே அவர் இராமேசுவரம், பாம்பன் பக்கம் கடலுயிர்களைச் சேகரித்தும், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பைப் பற்றி எழுதியும் இருந்தார். சென்னைக் காட்சிச்சாலையை ஆசியாவிலேயே முதல் என்று சொல்லும் வழக்கம் உண்டு. தோக்கியோவின் உயெனோ விலங்குக் காட்சிச்சாலை 1882-லேயே மீன்களைக் காட்டத் தொடங்கிவிட்டதால் அந்தப் பெருமையை அடக்கியே சொல்ல வேண்டும். இந்தியாவில் முன்னோடி என்பதில் ஐயமில்லை. அது கடற்கரையிலேயே அமைந்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது. புதுக் கடல்நீர் எட்டும் தூரத்தில் இருக்கும்வரை தண்ணீரின் வேதியியலைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை.

உள்நாட்டு வீடுகளில் இருந்தது நன்னீர் மீன். சென்னை மூர் மார்க்கெட்டில் கிளி, புறா, முயலோடு மீனும் விற்றது. அந்த அங்காடி 1985-இல் எரிந்துபோனது. பின்னாளில் கொளத்தூர் வண்ணமீன் வியாபாரத்தின் தலைநகரானது. அங்கிருந்து போன ஏஞ்சல், ஃபைட்டர், மோலி வகைகள் சிற்றூர்க் கடைகளில் கண்ணாடிப் புட்டிகளில் வரிசையாக நின்றன. வாஸ்து மீன் என்ற பெயரில் ஃப்ளவர்ஹார்னை வரவேற்பறையில் வைக்கும் பழக்கமும் அவ்வழியே பரவியது. அதுவும் இடத்துக்குச் சண்டையிடும் மீன்தான். தொட்டிக்கு ஒன்று என்று தனியே வைப்பதால் அந்தக் குணம் கண்ணாடியில் மோதும் வேடிக்கையாக மட்டும் தெரிகிறது.

வெப்பக்கடல் வண்ணமீனை வணிகத்துக்கென்று பிடித்து அனுப்புவது 1930-களில் இலங்கையில் மிகச் சிறிய அளவில் தொடங்கியது. 1950-களில் அது பெருகியது. பாலித்தீன் பையில் ஒரு பங்கு தண்ணீரும் இரு பங்கு ஆக்சிஜனும் நிரப்பிக் கட்டி, விமானத்தில் ஏற்றும் முறை வந்தபின் பவளப்பாறை மீன் உலகம் சுற்றியது. போய்ச் சேர்ந்த இடத்தில் அது பிழைப்பது வேறு கதை. மீன் வெளியிடும் அமோனியா அதையே கொல்லும். கடல்நீரின் காரத்தன்மையில் அமோனியாவின் நச்சு இன்னும் கூடும். ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை அதிகம் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மணலிலும் கல்லிலும் அவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த வாரங்கள் கழியுமுன் மீனை விட்டவர்கள் எல்லா நாட்டிலும் மீனைச் சாகக் கொடுத்தார்கள்.

இந்தப் பாடத்தை ஆசியாவில் எளிமையாகச் செய்து காட்டியவர் ஜகார்த்தாவின் லீ சின் எங். கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டிய பாறையும் மெல்லிய காற்றுக் குமிழியும் போதும், பெரிய வடிகட்டி வேண்டாம் என்று அவர் 1961-இல் எழுதினார். பாறையின் துளைகளே வடிகட்டியாக வேலை செய்தன. அவரும் கடலோரத்துக்காரர், நல்ல தண்ணீரும் பாறையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. கடலிலிருந்து தொட்டியை உண்மையில் பிரித்தது அதே 1960-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செயற்கைக் கடலுப்பு. வெறும் சமையல் உப்பைக் கரைத்தால் கடல் ஆகாது. கடலில் கரைந்திருப்பதன் எடையில் ஏறத்தாழ 85 சதம் சோடியமும் குளோரைடும். மீதி மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் முதலியவை. அந்த மீதி இல்லாமல் மீன் நெடுநாள் தாங்காது. எல்லாவற்றையும் அளவாகச் சேர்த்த உப்பை லிட்டருக்கு 35 கிராம் அளவில் கரைத்தபோது, கடலைப் பார்த்தேயிராத ஊரிலும் கடல்நீர் கிடைத்தது.

இப்படித் தயாரான தொட்டிக்குள் முதலில் போனவை டாம்சல் குடும்பத்து மீன்கள். கோமாளி மீனும் அந்தக் குடும்பமே. உருவில் சிறியவை, மலிவானவை, போட்டதைத் தின்பவை, தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் தாங்குபவை. உலகக் கடல் வண்ணமீன் வணிகத்தில் ஏறத்தாழ பாதி இக்குடும்பத்து மீன்கள்தான் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிட்டது. கற்றுக்குட்டிகளுக்கு ஏற்ற மீன் என்று கடைக்காரர்கள் இவற்றையே கைகாட்டினார்கள். சண்டை என்று பார்த்தால் இவற்றைவிட மோசமான தேர்வு கிடையாது.

மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு டாம்சல் மன்னார் வளைகுடாவில் உண்டு. தொட்டியில் விட்ட அன்றே அது ஒரு கல் பொந்தைத் தேர்ந்துகொள்ளும். அடுத்த நாளிலிருந்து அந்தப் பொந்தைச் சுற்றிய வட்டம் அதனுடையது. உள்ளே வரும் மீனை முதலில் துடுப்பை விரித்துப் பக்கவாட்டில் நின்று மிரட்டும். போகாவிட்டால் வாலைக் கடிக்கும். கடலில் தோற்ற மீன் பத்தடி நகர்ந்து வேறு கல்லைப் பிடித்துக்கொள்ளும். மூன்றடித் தொட்டியில் நகர இடம் ஏது? தோற்றது மேல் மூலையில் பம்புக் குழாயின் பின்னால், பிய்ந்த துடுப்போடு, தின்ன வராமல் நிற்கும். சில நாளில் அது செத்து மிதப்பதைத் தண்ணீர்க் கோளாறு என்று நினைத்துத் தண்ணீரை மாற்றியவர்கள் ஏராளம்.

பறவை, மீன் நடத்தைகளை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ், விலங்குகளின் ஆக்கிரமிப்பைப் பற்றி 1963-இல் எழுதிய நூலைப் பவளப்பாறை மீன்களை வைத்தே தொடங்கினார். பளிச்சென்ற நிறமுள்ள மீன்கள் மற்ற இனங்களைவிடத் தம் இனத்தையே மூர்க்கமாகத் தாக்குகின்றன என்பதைக் கடலிலும் தம் தொட்டிகளிலும் பார்த்தார். நிறம் ஓர் எல்லைப் பலகை என்ற அவரது விளக்கத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. தன் இனத்தின் மேல்தான் கோபம் அதிகம் என்ற கவனிப்பு மட்டும் மீன் வளர்ப்பவர்களின் அனுபவத்தோடு ஒத்துப்போயிற்று. அதிலிருந்து தொட்டி வைப்பவர்களிடையே சில வழக்கங்கள் நிலைத்தன. சாதுவான மீனை முதலிலும் சண்டைக்கார மீனைக் கடைசியிலும் விடுவது ஒன்று. புது மீன் வரும் நாளில் கற்களையெல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்கி, பழைய மீனின் எல்லையை அழித்து, விளக்கையும் அணைத்துவிடுவது இன்னொன்று. எல்லாருக்கும் புது வீடு என்றால் யாரும் வீட்டுக்காரர் இல்லை.

கோமாளி மீனின் கதையில் இந்தக் குணம் வேறு திசைக்குத் திரும்பியது. கடலில் அது, கொட்டும் இழைகளுள்ள கடற்சாமந்தி என்ற உயிரினத்தை விட்டு அதிக தூரம் போகாது; அந்த இழைகளுக்கு நடுவில் அதற்குப் பாதுகாப்பு. ஒரு கடற்சாமந்தியில் ஒரு பெண், ஒரு ஆண், சில வளராத இளசுகள் இருக்கும். பெரியது பெண். அது செத்தால் ஆண் பெண்ணாக மாறும். இளசுகளில் பெரியது ஆணாக முதிரும். இந்த ஏணியைப் பிடித்து வைத்திருப்பது ஆக்கிரமிப்பே என்று ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் எஸ். ஃப்ரிக்கேயும் 1977-இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். பெண் ஆணை அதட்டுகிறது, ஆண் இளசுகளை அதட்டுகிறது; அதட்டல் இருக்கும்வரை கீழே உள்ளது முதிராமல் நிற்கிறது. பண்ணைக்காரருக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. ஆண் எது, பெண் எது என்று தேடி அலைய வேண்டியதில்லை. வளராத சில மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் அவையே அடித்துப் பிடித்து வரிசை போட்டுக்கொள்ளும். சில மாதத்தில் இரண்டு மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். விரட்டுபவைதான் சோடி.

முட்டைக்கும் அதே மூர்க்கம் உதவியது. பெண் மீன் ஓடு அல்லது கல்லின் மேல், வாயால் கொத்தித் துப்புரவாக்கிய இடத்தில், ஆரஞ்சு நிற முட்டைகளை நெருக்கமாக ஒட்டவைக்கும். பிறகு வேலை பெரும்பாலும் ஆணுடையது. நெஞ்சுத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். படிந்த தூசியை வாயால் கவ்வி எடுக்கும். வெளுத்துப்போன முட்டையைத் தின்றுவிடும். தொட்டிக்குள் கை விட்டால் கையைக் கடிக்கும். நாள் போகப் போக முட்டையின் நிறம் மங்கி, உள்ளே வெள்ளிபோல் மின்னும் கண்கள் தெரியும். ஏறத்தாழ ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு, குஞ்சுகள் வெளிவரும். தண்ணீரில் முட்டையைச் சிதறவிட்டுப் போகும் கடல்மீன்களை வளர்ப்பதில் உள்ள முதல் தொல்லை இங்கே இல்லை. குஞ்சுக்குத் தீனிதான் கடினம். வாய்க்குள் போகுமளவு சிறிய ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்களை, நுண்பாசி வளர்த்த பச்சைத் தண்ணீரில் பெருக்கி, முதல் நாளிலிருந்தே கொடுக்க வேண்டும். சில நாள் கழித்து ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலின் குஞ்சு. அதைத் தாண்டும் குஞ்சு மூன்று வாரத்துக்குள் வெள்ளைப் பட்டையோடு அடியில் இறங்கும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மார்ட்டின் மோ 1970-களின் தொடக்கத்தில் கோமாளி மீனை வணிக அளவில் பெருக்கினார். இந்தியாவில் அது வந்தது 2000-ஐ ஒட்டி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் சென்னையில் தொடங்கி, 1949-இல் மண்டபத்துக்கு மாறி, 1971-இல் தலைமையகத்தைக் கொச்சிக்குக் கொண்டுபோனது. மண்டபம் மையம் தொடர்ந்து இயங்கியது. அங்கே மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் செபே கோமாளி மீனையும், அதே நிறுவனத்தின் விழிஞ்ஞம் மையத்தில் வேறு கோமாளி, டாம்சல் வகைகளையும் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் பொரிப்பகம் அமைத்தது. வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டை அரியலூருக்கு வடகிழக்கே, பக்கத்துக் கடலூர் மாவட்டக் கரையில் இருக்கிறது.

பொரிப்பகம் இன்றி இந்தப் பொழுதுபோக்கு தமிழ்நாட்டில் சட்டப்படி நிலைத்திருப்பது கடினம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-இல் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் பாறை கட்டும் பவளங்களும் கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்குரிய பாதுகாப்பே பவளத்துக்கும் என்று ஆனபின், லீ சின் எங் சொன்னபடி கடலில் போய்ப் பவளப்பாறையைப் பெயர்த்து வருவது இங்கே சிறைக்கு வழி. மத்திய அரசு 2017 மே மாதம் மீன்தொட்டிகள், மீன் கடைகள் குறித்து விதிகள் வெளியிட்டு, கோமாளி, வண்ணத்துப்பூச்சி மீன், ஏஞ்சல் மீன் உட்பட 158 வகைகளை வைப்பதற்கும் விற்பதற்கும் தடை போட்டது. பண்ணையில் பிறந்த மீனையும் கடலில் பிடித்த மீனையும் அது சரிவரப் பிரிக்கவில்லை. வளர்ப்பவர்களும் வியாபாரிகளும் எதிர்த்தார்கள். பின்னர் அந்த விதிகள் திரும்பப் பெறப்பட்டன.

பெரம்பலூர் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள ஊர், ரயில் இல்லை. அரியலூர் விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் இருக்கிறது. சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் தெர்மாகோல் பெட்டி விடியுமுன் இரண்டு ஊருக்கும் வந்துவிடும் தூரம்தான். மீன் வருவது எளிது, தண்ணீரில்தான் தகராறு. சுண்ணாம்புப் பாறை நிலத்தின் போர்த் தண்ணீர் கடினமானது. அதில் கடலுப்பைக் கரைத்தால் கால்சியக் கணக்கு தப்பும். நைட்ரேட்டும் இருந்தால் பாசி மண்டும். ஆகவே ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீர் கட்டாயம். கடற்சிப்பி நிறைந்த உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லைத் தொட்டியில் போட்டால் காரத்தன்மை காக்கும் என்ற எண்ணமும் பலிப்பதில்லை. கடல்நீர் ஏற்கெனவே அந்தக் கனிமம் தெவிட்டிய நீர். நல்ல நிலையில் உள்ள தொட்டியில் கல் கரையாது. பாக்டீரியா குடியிருக்க அது இடம் தரும், அவ்வளவே.

வெயில் அடுத்த சிக்கல். கத்திரியில் வெளியே 40 டிகிரியைத் தொடும் ஊரில் தொட்டியை 28 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கச் சில்லர் இயந்திரமோ, குறைந்தபட்சம் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓடும் விசிறியோ வேண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மின்சாரம் நின்றால் பம்பும் நின்று, வடிகட்டியில் உள்ள பாக்டீரியாவும் மூச்சு முட்டும். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே மின்வெட்டு ஒரு நாளில் பல மணி நேரம் நீடித்தபோது, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இல்லாமல் கடல்தொட்டி வைக்க வழியில்லை. விசிறி ஓடினால் தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கும். எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத வடித்த நீரையே ஊற்றி, ஹைட்ரோமீட்டர் காட்டும் ஒப்படர்த்தியை 1.023க்கும் 1.025க்கும் இடையில் நிறுத்த வேண்டும். உப்புநீரை ஊற்றி நிரப்பினால் கோடை முடிவதற்குள் தொட்டி கடலைவிடக் கரித்துவிடும்.

இத்தனை செலவில் மூன்றடித் தொட்டி ஒன்றில் நிம்மதியாக வாழக்கூடிய கோமாளி மீன்கள் இரண்டு. பண்ணையில் பிறந்தவற்றுக்குக் கடற்சாமந்தி தேவையில்லை. ஒரு மண்சட்டியையோ பம்பின் மூலையையோ தம் இடமாக்கிக்கொள்ளும். நன்றாகக் கவனித்தால் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். மூன்றாவதாக ஒன்றை விட்டால், பெரியது அதைச் சில நாளில் ஓரங்கட்டிவிடும். அப்போது அதை வலையில் எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றுவது தவிர வேறு வழி கிடையாது.